பட்டறைப் பதில்கள்: பெட்டிக்குள் இருந்த கறுப்புக் கல்

போன இதழில் உளி தீட்டுவது பற்றி எழுதும்போது, பழைய வீடுகளில் கிடைக்கும் தீட்டுக்கல்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்குப் பதினொரு கடிதங்கள். மூன்று பேர் கல்லையே மஞ்சள் பையில் போட்டுக் காரைக்குடியில் என் வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டார்கள். திண்ணையில் கிடந்ததைப் பார்த்து, "அம்மி கொத்துற வேலையும் ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டாள் என் மனைவி. அதனால் இந்த மாதம் கதவு, நிலை, பூட்டு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுக் கல்லை மட்டும் பார்ப்போம்.

எங்கள் ஐயா பர்மாவிலிருந்து கொண்டுவந்த பெட்டகத்தில், மூடி போட்ட சின்ன மரப்பெட்டி ஒன்று இருந்தது. உள்ளே எண்ணெய்ப் பிசுக்கோடு கறுப்பாக ஒரு கல். எட்டங்குல நீளம், இரண்டங்குல அகலம். எந்த ஊர்க் கல் இது? சோடா உப்புப் போட்டு வேக வைத்துக் கழுவலாமா? (வாசகர், கோட்டையூர்)

வேக வைக்காதீர்கள். கல்லைக் கழுவுவதற்கு முன்னால் நன்றாகப் பார்க்க வேண்டும். கழுவியபின் தெரியாமல் போகிற விஷயங்கள் நிறைய உண்டு.

முதலில் பெட்டி. மூடியின் உள்பக்கத்திலோ கல்லின் அடியிலோ காகிதச் சீட்டு ஒட்டியிருக்கிறதா? பாதி கிழிந்த சீட்டானாலும் அது கல்லின் ஜாதகம். அதன்மேல் எண்ணெயோ தண்ணீரோ படக்கூடாது. கல் ஆடாமல் இருக்க அடியில் காகிதத்தை மடித்து வைப்பது தச்சர்கள் வழக்கம். அதையும் விரித்துப் பாருங்கள். கானாடுகாத்தானில் ஒரு பெட்டிக்குள் எனக்குக் கிடைத்தது ரங்கூன் முகவரி போட்ட கணக்குச் சீட்டு. அந்தக் கல்லைவிட அந்தச் சீட்டைத்தான் அந்த வீட்டுப் பிள்ளைகள் பத்திரப்படுத்தினார்கள்.

அடுத்து, இயற்கைக் கல்லா, செய்த கல்லா என்று பாருங்கள். சிலிக்கன் கார்பைடு என்கிற செயற்கைப் பொருளை அமெரிக்காவில் எட்வர்ட் அச்சிசன் 1891-இல்தான் கண்டுபிடித்தார். அதற்குப் பின் வந்த பெட்டியில் இரண்டில் எதுவும் இருக்கலாம். நம் பக்கத்துப் பெரிய வீடுகள் பலவும் அந்தக் காலத்தையொட்டியும் அதற்குப் பின்னும் கட்டியவை. அதனால் வீட்டின் வயதை வைத்து முடிவு கட்ட முடியாது. நகை செய்யும் ஆசாரியிடம் பத்து மடங்கு காட்டும் லென்ஸ் இருக்கும், இரவல் வாங்குங்கள். செய்த கல்லில் மணிகள் ஒரே அளவாக, சர்க்கரையைக் கொட்டி இறுக்கியதுபோல் இருக்கும். நடுநடுவே நுண்ணிய ஓட்டைகளும் உண்டு. இயற்கைக் கல்லில் ரேகை, புள்ளி, நிறம் மாறும் இடம் ஏதாவது ஒன்று தட்டுப்படும். பக்கவாட்டில் அறுத்த ரம்பத் தடம் இருக்கும். நான்கு மூலையும் அச்சில் வார்த்த மாதிரி சரியாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

பிறகு ஒரு ஆணி. கல்லின் ஓரத்தில், தீட்டும் முகத்தில் அல்ல, அழுத்திக் கீறுங்கள். ஆணியின் இரும்பு கல்லில் ஈயப் பென்சில் கோடுபோல ஒட்டினால், கல் இரும்பைவிடக் கெட்டி. குவார்ட்சு வகை என்று கொள்ளலாம். கல்லே கீறிக்கொண்டு வெளிறிய பொடி வந்தால் அது பலகைக்கல் வகை, அதாவது ஸ்லேட்டு. மட்டம் என்று நினைக்காதீர்கள். சவரக்கத்திக்குப் பேர்போன ஜெர்மனியின் துரிங்கியா கல் அந்த ஜாதிதான்.

எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டு, நுரைத்தால் பெரும்பாலும் உங்கள் வீட்டுத் தரையில் மிஞ்சிய இத்தாலி மார்பிள் துண்டு. துருக்கிக் கல் என்று பழைய தச்சர்கள் மதித்த கல்லிலும் சுண்ணாம்பு கலந்திருப்பதால் லேசாக நுரைக்கும். ஆனால் அது இரும்பை வெட்டும், மார்பிள் வெட்டாது.

உங்கள் கல்லுக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய படத்தில், ஒரு மூலை பெயர்ந்த இடத்தில் உள்ளே பாலாடை நிறம் தெரிகிறது. அப்படியென்றால் கறுப்பு என்பது கல்லின் நிறமே இல்லை. எண்பது வருஷ எண்ணெயும் இரும்புத் தூளும் அது. வெளுத்த, துளைகள் கொண்ட, ஆணிக்கு மசியாத கல் என்றால் என் ஊகம் அமெரிக்காவில் ஆர்க்கன்சா மாநிலத்து வாஷிட்டா கல். அங்கே வாஷிட்டா மலைத்தொடரில் கிடைக்கும் பாறைக்கு நோவாகுலைட் என்று பெயர். லத்தீனில் நோவாகுலா என்றால் சவரக்கத்தி. கிட்டத்தட்ட முழுக்க சிலிக்காவால் ஆன பாறை. ஒரே பாறையில் வெட்டு வேகமுள்ள வாஷிட்டா, மெத்தை (மிருதுவான) ஆர்க்கன்சா, கெட்டி ஆர்க்கன்சா, விளிம்பில் டார்ச் அடித்தால் இளஞ்சிவப்பாக ஒளி ஊடுருவும் உயர்ந்த ரகம் என்று படிகள் உண்டு. பைக் என்ற கம்பெனி விற்ற வாஷிட்டாவுக்கு லில்லி ஒயிட் என்று சீட்டு ஒட்டியிருக்கும். 1932-இல் அந்தக் கம்பெனி நார்ட்டன் கைக்குப் போனது.

உறுதி செய்ய ஒரு வழி, எடை. கல்லைச் சுத்தம் செய்து நன்றாகக் காய்ந்த பிறகு செய்யுங்கள், ஏனென்றால் துளைக்குள் எண்ணெய் இருந்தால் கணக்கு கூடிவிடும். சமையலறை எலக்ட்ரானிக் தராசில் கல்லை நிறுத்துக்கொள்ளுங்கள். பிறகு தராசின்மேல் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து, அளவைப் பூஜ்யமாக்கி, கல்லை நூலில் கட்டி அடி தொடாமல் முழுக்க அமிழ்த்துங்கள். இப்போது காட்டும் கிராம்தான் கல்லின் கனஅளவு. துளையுள்ள கல் குமிழி விட்டுத் தண்ணீர் குடிக்கும், அதனால் அமிழ்த்தியதும் சட்டென்று பார்த்துவிடுங்கள். முதல் எண்ணை இரண்டாவதால் வகுக்க வேண்டும். 565 கிராம் கல், தண்ணீரில் 250 காட்டினால் 2.26. வாஷிட்டாவும் மெத்தை ஆர்க்கன்சாவும் இந்தப் பக்கத்தில்தான் நிற்கும். தூய குவார்ட்சு 2.65. ஒளி ஊடுருவும் ரகம் அதை நெருங்கும்.

சீட்டு இல்லாத கல்லுக்கு ஊர்ப் பெயரைக் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய யாராலும் முடியாது. யாராவது செய்தால் விலையைக் கூட்டப் போகிறார் என்று அர்த்தம்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் 900 ரூபாய்க்கு ஒரு கல் வாங்கினேன். மேல் பாதி மஞ்சள், கீழ் பாதி ஊதா. கடைக்காரர் பெல்ஜியம் என்றார். என் நண்பர், "ரெண்டு கல்லைப் பசை போட்டு ஒட்டிருக்கான், ஏமாந்துட்டே" என்கிறார். (வாசகர், தேவகோட்டை)

அந்தத் தெருவில் எது கேட்டாலும் பெல்ஜியம் அல்லது பர்மா. எனாமல் கிண்ணத்தையும் பெல்ஜியம் என்பார்கள். ஆனால் இந்த முறை கடைக்காரர் சொன்னது நிஜமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில், வீல்சால்ம் ஊரைச் சுற்றி எடுக்கும் கல்லுக்குக் கொட்டிக்கூல் என்று பெயர். மஞ்சள் பாறைக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் கார்னெட் மணிகள் நிறைந்திருக்கும். அவைதான் இரும்பை வெட்டுகின்றன. மஞ்சள் அடுக்கு மெல்லியது, தனியாக வைத்தால் உடையும். அதனால் கம்பெனிக்காரர்களே அடியில் பலகைக்கல்லை ஒட்டித்தான் விற்றார்கள். சில கற்களில் மஞ்சளும் ஊதாவும் பூமிக்குள்ளேயே சேர்ந்து விளைந்திருக்கும். ஒட்டியதற்கும் விளைந்ததற்கும் வித்தியாசம் பக்கவாட்டில் தெரியும். ஒட்டியது ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் நேர்க்கோடு. விளைந்தது நெளியும், ஒரு நிறம் இன்னொன்றுக்குள் கசியும். ஒட்டியிருப்பதாலேயே போலி ஆகாது என்று நண்பரிடம் சொல்லுங்கள்.

மஞ்சள் பக்கத்தில் தண்ணீர் தெளித்து ஒரு சின்னக் கல் துண்டால் தேயுங்கள். பால்போன்ற சேறு வரும். ஊதாப் பக்கத்தில் சேறும் லேசான ஊதா. அந்தச் சேற்றோடு தீட்டினால் வேகமாக வெட்டும், சுத்தமான தண்ணீரில் தீட்டினால் மெருகேறும். ஒரே கல்லில் இரண்டு வேலை. எண்ணெய் மட்டும் விடாதீர்கள். மணிக்கணக்கில் ஊற வைக்கவும் வேண்டாம், பழைய பசை விட்டுப்போகும்.

900 ரூபாய்க்கு நீங்கள் ஏமாறவில்லை. அதற்கு மேல் விலை பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

நான் தச்சு வேலை செய்பவன். வாங்கிய பழைய கல் நடுவில் தொட்டில்போல் குழிந்திருக்கிறது. வாட்டர் பேப்பரில் தேய்த்தேன். நாலு தாள் தீர்ந்தது, கல் அசையவே இல்லை. எண்ணெயும் கசிந்துகொண்டே இருக்கிறது. (வாசகர், பள்ளத்தூர்)

தம்பி, அசையாததே நல்ல சேதி. உங்களிடம் இருப்பது கெட்டிக் கல்.

எண்ணெயை முதலில் எடுங்கள். தகர டப்பாவில் கல் மூழ்க மண்ணெண்ணெய் ஊற்றி, மூடி, அடுப்புப் பக்கம் இல்லாமல் வெளியே வையுங்கள். ரேஷனில் கிடைக்காவிட்டால் பெயிண்ட் கடையில் டர்பன்டைன் வாங்கலாம். இரண்டு நாளுக்கு ஒருமுறை பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, கறுத்ததை மாற்றுங்கள். ஒரு வாரம் ஆகும். கிணற்றடியில் கொட்டிவிடாதீர்கள். அப்புறம் துணிக்குப் போடும் சோப்புத் தூளைக் கைச்சூடு வெந்நீரில் கரைத்து நாலைந்து முறை கழுவி, நிழலில் செய்தித்தாள் மேல் நிறுத்தி வையுங்கள். தாளில் எண்ணெய்க் கறை படியாத நாள் வரும்வரை இதே வேலைதான். அடுப்பில் சுட்டு எண்ணெயை உருக்கலாம் என்று ஒருவர் யோசனை சொல்வார். கேட்காதீர்கள். எண்ணெய் புகையும், உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிக் கல்லே பிளக்கும்.

கல் பெட்டியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் நெம்பாதீர்கள். சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் வைத்தால் பிசின்போல் இறுகிய எண்ணெய் இளகும். பிறகு மரச் சீவல் விட்டுத் தூக்கலாம். பெட்டியை ஊற வைக்கவே வேண்டாம், துடைத்தால் போதும்.

இனி மட்டம் எடுப்பது. கெட்டிக் கல்லுக்கு வாட்டர் பேப்பர் உதவாது. கார்பொரண்டம் பவுடர், அதாவது மேலே சொன்ன சிலிக்கன் கார்பைடின் தூள் வேண்டும். கிரானைட் பாலிஷ் போடுபவர்களிடம் சில்லறையாகக் கேளுங்கள். ஆட்டோ உதிரிபாகக் கடையில் கிடைக்கும் வால்வு தேய்க்கிற பேஸ்ட்டும் அதே சரக்குதான், ஆனால் கிரீஸ் கலந்திருப்பதால் சுத்தம் செய்த கல்லை மறுபடி அழுக்காக்கும். தடித்த கண்ணாடியோ, சமையல் மேடை போட்டதில் மிஞ்சிய கிரானைட்டோ அடியில் இருக்கட்டும். 80 நம்பர் பவுடர் அரைத் தேக்கரண்டி, கொஞ்சம் தண்ணீர். கல்லின் முகம் முழுக்கப் பென்சிலால் கட்டம் போட்டுக்கொண்டு எட்டுப் போடுவதுபோல் சுழற்றித் தேயுங்கள். கரகர சத்தம் அடங்கினால் பவுடர் தேய்ந்துவிட்டது, வழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். ஓரத்துக் கோடுகள் முதலில் அழியும், நடுக் கோடுகள் கடைசிவரை நிற்கும். நடுவும் அழிந்தால் மட்டம். இரண்டு மில்லிமீட்டர் குழி எனக்கு இரண்டு மாலைப்பொழுதைத் தின்றது. கடைசியில் 220 நம்பரில் நிறுத்திக்கொள்ளுங்கள். ரொம்ப வழவழப்பாக்கினால் இந்த ஜாதிக் கல் வெட்டாது, பளபளப்புத்தான் கொடுக்கும். கூர் விளிம்புகளை லேசாக மழுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் செதில் செதிலாகப் பெயரும்.

கடைசிவரை ஈரமாகவே தேய்க்க வேண்டும். உலர்ந்த சிலிக்காத் தூள் நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. கல் உடைக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள்.

ஒரு முகம் போதும். மறுபக்கக் குழியை அப்படியே விடுங்கள், வளைந்த உளிக்கு அது உதவும். ஸ்லேட்டு வகை மெத்தைக் கல்லாக இருந்தால் இந்தப் பவுடர் கூடாது, கல்லுக்குள் பதிந்துகொண்டு பிறகு கத்தியைக் கீறும். அதற்குத்தான் கண்ணாடிமேல் வாட்டர் பேப்பர்.

ஒருவர் தன் கல்லை வளவுத் தரையில் தேய்த்து மட்டம் எடுத்ததாகப் பெருமையாக எழுதியிருக்கிறார். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை! அந்தப் பூ நிறம் இருப்பது மேலே மெல்லிய அடுக்கில்தான். கல் மட்டமாகியிருக்கும், தரை என்ன ஆனது என்று அவர் எழுதவில்லை.

தேங்காய் எண்ணெய் விட்டுத் தீட்டலாமா? (வாசகர், திருப்பத்தூர்)

வேண்டாம். நல்லெண்ணெய் அதைவிட மோசம், நாள்பட்டால் பிசினாகிறது. நான் மேலே சொன்ன கறுப்புப் பிசுக்கில் பாதி அப்படி வந்ததுதான். தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு, அல்லது மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின். ஆர்க்கன்சாக் கல்லுக்குச் சோப்புத் தண்ணீரும் போதும்.

எங்கள் அப்பத்தா வீட்டில் கருஞ்சிவப்பாக, சக்கரம்போல, நடுவில் துளையோடு ஒரு கல் இருக்கிறது. எந்தப் பாறையில் செய்தது? பாக்குவெட்டியும் அரிவாள்மனையும் இதில் தீட்டலாமா? (வாசகி, கானாடுகாத்தான்)

ஆச்சி, அது பாறையே இல்லாமல் இருக்கலாம். ஊசியைச் சூடாக்கி ஓரத்தில் தொட்டுப் பாருங்கள். இளகி, அரக்கு வாசனை வந்தால், அது நம் நாட்டுச் சாணை. குருந்தக் கல்லை இடித்துச் சலித்து அரக்கில் பிசைந்து செய்வார்கள். மணி கல், பிடிமானம் அரக்கு.

குருந்தம் தெரியுமில்லையா? மாணிக்கமும் நீலமும் அதே கனிமத்தின் பணக்கார உறவினர்கள். கெட்டித்தன்மையில் வைரம் பத்து என்றால் இது ஒன்பது. ஆங்கிலத்தில் அதைக் கொரண்டம் என்கிறார்களே, அந்தச் சொல்லே நம் குருந்தத்திலிருந்து போனதுதான்.

இதை நான் தெரிந்துகொண்ட விதம் அவமானமானது. 1981-இல் அப்பாவின் பட்டறையில் இப்படி ஒரு சாணை இருந்தது. அச்சில் கோத்து, வாரைச் சுற்றி, ஒரு பையன் முன்னும் பின்னும் இழுக்க, அப்பா உளியைப் பிடிப்பார். பெரும்பாலும் அந்தப் பையன் நான்தான். அப்பா ஊருக்குப் போயிருந்த ஒருநாள், பிசுக்கைப் போக்கி அவரை அசத்தலாம் என்று கொதிக்கிற சோடாத் தண்ணீரில் அதைப் போட்டேன். கால் மணி நேரத்தில் சட்டியின் அடியில் செந்நிறக் களியும் மணலும். அரக்கு சூட்டுக்கு இளகும், சோடாவுக்குக் கரையும். நான் இரண்டையும் சேர்த்துக் கொடுத்திருந்தேன். அப்பா திட்டவில்லை. சட்டியைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "மணலை வீணாக்காதே, எடுத்து வை" என்றார். அந்தத் தூளைப் பலகைமேல் தூவித்தான் ஒரு வருஷம் கத்தி தீட்டினோம். பனையேறுபவர்கள் பலகையில் வெள்ளைக்கல் பொடியைத் தூவிப் பாளை அரிவாளைத் தீட்டுவார்களே, அந்த மாதிரி.

உங்களுடையதைத் துணியால் துடைப்பதோடு நிறுத்துங்கள். வெந்நீர், சோடா, ஸ்பிரிட் மூன்றும் ஆகாது. வேகமாகச் சுற்றும் மோட்டாரில் மாட்டவே கூடாது. பாக்குவெட்டிக்கு ஒரு பக்கம் மட்டும்தான் சரிவு இருக்கும், அந்தச் சரிவை மட்டும் சின்னத் தீட்டுக்கல்லால் நாலு இழுப்பு இழுத்தால் போதும். மறுபக்கத்தைத் தொட்டால் இரண்டு அலகும் சேராது, பாக்கு நசுங்கும்.

என்னிடம் இருப்பதில் ஒன்று, ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் நைசுமாக உள்ள சாம்பல் நிறக் கல். இன்னொன்று செம்மஞ்சள், பக்கத்தில் இந்தியா என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. இரண்டும் செயற்கை என்றால் போட்டுவிடலாமா? (வாசகர், புதுவயல்)

எதற்குப் போட வேண்டும்? சாம்பல் நிறக் கல் சிலிக்கன் கார்பைடாக இருக்கும். நம் நாட்டில் இந்தச் சரக்கைப் பெரிய அளவில் செய்ய வந்த கார்பொரண்டம் யுனிவர்சல், பள்ளத்தூரைப் பூர்வீகமாகக் கொண்ட முருகப்பா குடும்பத்தார் அமெரிக்க, பிரிட்டிஷ் கம்பெனிகளோடு சேர்ந்து 1954-இல் சென்னையில் தொடங்கியது. இந்தியா என்று எழுதியது இந்தியாவில் செய்ததல்ல, நார்ட்டன் கம்பெனி அமெரிக்காவில் செய்த கல்லுக்கு வைத்த பெயர். அதில் இருப்பதும் அலுமினியம் ஆக்சைடு, அதாவது உலையில் செய்த குருந்தம்.

முனை போன உளியை முதலில் இவற்றில் சரிசெய்து, கடைசி மெருகுக்கு மட்டும் இயற்கைக் கல்லுக்குப் போங்கள். அப்பாவும் அப்படித்தான் செய்வார்.

கல் இரண்டாக உடைந்துவிட்டது. ஒட்டலாமா? (வாசகர், கண்டனூர்)

எண்ணெயை முழுக்க எடுத்த பிறகுதான் எபாக்சி பிடிக்கும். ஒட்டி, அடியில் தேக்குப் பலகை கொடுத்து, மேல்முகத்தை மறுபடி மட்டம் எடுங்கள். பாதிக் கல்லே ஐந்தங்குலம் இருந்தால் ஒட்டக்கூட வேண்டாம், பெரியதை நீங்கள் வைத்துக்கொண்டு சின்னதை யாருக்காவது கொடுங்கள். எனக்கு அனுப்புவதானால் தபாலில் வேண்டாம். போன வாரம் ஒன்று அப்படி வந்து, இப்போது மூன்று துண்டாகத் திண்ணையில் இருக்கிறது.